கடலில் இரண்டு கிணறு

போன மாதம் ஒரு சோலியாக அருப்புக்கோட்டைப் பக்கம் போனவன், நான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்தையும் எட்டிப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்த ஆட்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு நீச்சலுக்கு வந்தது. அவர்களுக்கு ஓடு பதித்த குளத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். "தரையில கறுப்புக் கோடு போட்டிருப்பாக சார். அதையே பாத்துக்கிட்டுப் போனா நேரா போயிரலாம்" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டார்கள். நேராகப் போவதற்கு நாங்கள் மூன்று பேர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்ட பாட்டைச் சொன்னேன். கேட்டுவிட்டு, இதை எழுதிவையுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். நன்றாக இல்லையென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. பருத்தியும் கம்பும் போட்டுப் பிழைத்த குடும்பம். பெயர் சீனிவாசன், எல்லோருக்கும் சீனி. எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணி ஏறினோம், குழாய் சுருட்டினோம், மறுபடியும் ஏணி ஏறினோம். தீயை அணைக்கத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தால், எங்கள் வட்டாரத்தில் தீயைவிடக் கிணறுதான் எங்களை அதிகம் கூப்பிட்டது. ஆடு விழும், மாடு விழும், கால் தவறி மனுஷரும் விழுவார்கள். மழை பெய்யாத சீமையில் கிணற்றை ஆழமாகத்தான் வெட்டுவார்கள்.

கிணற்றில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்குவோம். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று இருக்கிறது. எவ்வளவு அவசரமென்றாலும் ஆள் இறங்கக் கூடாது. வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு, மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்துவிட்டு, மறுபடி விளக்கை இறக்கிப் பார்ப்போம். இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் யாரோடும் பேசக் கூடாது. பீடி பிடிக்கக் கூடாது. சுற்றி நிற்கிற கூட்டம் என்ன கேட்டாலும் திரும்பக் கூடாது. ஒரு தடவை இழுத்தால் கயிற்றை விட வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் தூக்க வேண்டும். அடியில் போனதை, வளையத்தில் கொக்கிகள் தொங்கும் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவதும் உண்டு. ஆனால் இருளப்பண்ணன் இருந்தவரை எங்கள் நிலையத்தில் பாதாளக்கரண்டிக்கு வேலை குறைவு.

இருளப்பண்ணன் எங்கள் வண்டி ஓட்டுநர். திருச்சுழிக்குப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட நன்றாக மூத்தவர், அப்போதே காதோரம் நரைத்திருந்தது. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. இவரோ, வண்டி நிற்கும்போதே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருப்பார். மூச்சடக்கி அடிமண்ணைத் தொட்டுவிட்டு வருவார். கன்றுக்குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டி ஊருக்குள் நுழைந்தால் 'தீயணைப்பு வண்டி வருது' என்று சொல்ல மாட்டார்கள், 'இருளப்பன் வாராக' என்பார்கள். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பொறாமைதான்.

நிலைய அலுவலர் ரத்தினவேல் சார். மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். உத்தியோகத்துக்கு வந்தும் அவருக்குக் கடைக்காரர் குணம் போகவில்லை. குரலை உயர்த்த மாட்டார். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். சம்பவ இடத்துக்குப் போய் வந்து விவரம் சொன்னால், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "வேற?" என்பார். சாமான் வாங்க வந்தவரிடம் கேட்பது போலத்தான். நாம் இன்னொன்று சொல்வோம். மறுபடியும் "வேற?" இப்படிக் கேட்டுக் கேட்டே, நாம் சொல்லாமல் விட நினைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். நான் பயந்த அதிகாரிகளில் திட்டத் தெரியாதவர் இவர் ஒருவர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. அதை அவர் ஒளித்ததும் இல்லை. "எங்க கடையில தண்ணிய நான் செம்புலதான் பாத்திருக்கேன்" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை. எங்கள் பக்கம் மழை வந்தால் உண்டு, வராவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. அந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது. குண்டாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளைகள் பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்தார்கள். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கண்மாய் உடைந்து காடுகரை எல்லாம் ஒரே தண்ணீர். அதன் நடுவில் ஒரு பம்புசெட் அறை, பழைய மண்சுவர். தன் வெள்ளாமைக்குக் காவலாகப் போயிருந்த சம்சாரி ஒருவர் அதன் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அவருடைய பெண்சாதி கரையில் நின்றாள். எங்களிடம் இருந்தது கயிறும் லாரி டியூபும்தான்.

இருளப்பண்ணன் டியூபோடு இறங்கினார். கயிறு என் கையில். அவர் போய்விடுவார் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல வேகத்தில்தான் போனார். ஆனால் அறைக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கி, அறையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் கத்தினோம். மழை இரைச்சலில் கேட்கவில்லை. ஓரிடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர், மழை மறைப்பு. எது அறை, எது கரை என்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். இழுத்துக் கரைசேர்த்தோம். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குதித்தார். மறுபடியும் இடப்பக்கம். இரண்டாவது தடவை அவரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுவர் கரைந்து கூரை சாய்ந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. எங்களைப் பார்த்து, "இம்புட்டுப் பேரு நிக்கிறீக. ஒரு படகு இல்லையாய்யா?" என்று மட்டும் கேட்டாள். கடற்கரையிலிருந்து படகு மறுநாள் வந்தது. எதற்கு வந்தது என்று எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இருளப்பண்ணன் வண்டி ஓட்டினார், சாப்பிட்டார், தூங்கினார். பேச்சுத்தான் நின்றுபோனது. ரத்தினவேல் சார் சில நாள் பொறுத்தார். பிறகு அவரையும் என்னையும், பாளையம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த பால்பாண்டி என்ற இளவட்டத்தையும் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். "சும்மா நீந்துங்க" என்றார். நீந்தினோம். மேலே குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே பக்கமாத்தான் சுத்துறீக. இடப்பக்கமா. மாத்திச் சுத்துங்க, பாப்போம்" என்றார்.

மாற்றிச் சுற்றினால் எனக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணற்றுக்குள் வட்டம்தான். வலது கைப்பக்கம் சுவர், முகம் இடப்பக்கம், மூச்சும் இடப்பக்கம். சின்ன வயதிலிருந்து அப்படியே சுற்றி உடம்பு வளைந்துவிட்டது. கிணற்றுக்குள் அது தப்பாகத் தெரியாது. சுவர் இல்லாத தண்ணீரில் விட்டால், உடம்பு தன் கிணற்றைத் தானே சுற்றும்.

"எனக்கு நீச்சல் தெரியாது. கரையில நின்னதுனால கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார் சார். பிறகு இருளப்பண்ணனைப் பார்த்து, "அன்னைக்கு உங்க கையி காலு குத்தமில்ல. பழக்கம் இழுத்துருச்சு. வேற?" என்றார்.

இருளப்பண்ணன் கிணற்றுப் படியில் உட்கார்ந்து, இத்தனை நாளும் அடக்கியதை எல்லாம் சொன்னார். நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

சார் அதற்குள் மேலிடத்தில் படகு கேட்டிருந்தார். வறண்ட பகுதி நிலையத்துக்குப் படகு எதற்கு என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். மாசி மாதம் கடற்கரையில் எங்கள் துறை ஆட்களுக்குக் கடல் நீச்சல் போட்டி நடக்கும். ஒரு மிதவை வரை போய்த் திரும்பி வர வேண்டும். பச்சைக் கொடி இறங்குவதற்குள் எங்கள் நிலையத்திலிருந்து மூன்று பேர் நீந்தி முடித்தால் படகு. இரண்டு பேர் முடித்தால் இல்லை. திறந்த தண்ணீரில் நீந்த ஆளில்லாத இடத்தில் படகைக் கொடுத்தால் அதுவே ஆளை மூழ்கடித்துவிடும் என்றார்களாம். "நியாயம்தான்" என்றார் சார். எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது. இப்போது நினைத்தால் நியாயம்தான்.

நிலையத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். ஒருவருக்குக் காதில் சீழ். இன்னொருவர் கண்மாயில் பாதித் தூரத்திலேயே டியூபைக் கேட்டார். ஆக, நாங்கள் மூன்று பேர்தான். எங்களில் ஒருவர் விட்டாலும் படகு போச்சு.

அந்த வருஷம் கண்மாய்கள் நிறைந்திருந்தன. வேலைநேரம் போக மற்ற நேரத்தில் கண்மாயிலேயே கிடந்தோம். சார் ஒரு மூங்கில் கழியில் மஞ்சள் வேட்டியைக் கட்டி எதிர்க்கரையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் சில கை போட்டதும் தலையைத் தூக்கி மஞ்சளைப் பார்க்க வேண்டும், திரும்ப முகத்தைக் கவிழ்க்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால் பிடரி இற்றுப்போகும். தண்ணீருக்கு அடியில் முழுகிக் கிடந்த வேலிக்கருவை நெஞ்சைக் கிழித்தது. துணி துவைக்க வந்த பொம்பளைகள் வேறு, "ஏண்ணே, தீ எங்கண்ணே புடிச்சிருக்கு, கம்மாய்க்குள்ளயா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பால்பாண்டி, "ஆமாக்கா, உங்க துணிய ஓரமா எடுத்து வைங்க" என்று பதில் கொடுப்பான்.

உப்புத் தண்ணீர் பழக வேண்டும் என்று சார் வீட்டுக் கடையிலிருந்து கல்லுப்பு மூட்டை வந்தது. தொட்டியில் கரைத்து, கண்ணைத் திறந்தபடி முகத்தை முக்கச் சொன்னார். காலையில் பல் தேய்ப்பது போல இது ஒரு நித்திய கடமையாக ஆனது. கண் சிவந்து, தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் வேறுவிதமாக நினைத்தார்கள். என் வீட்டுக்காரியே ஒரு நாள் வாயை ஊதிக் காட்டச் சொன்னாள்.

எனக்கும் பால்பாண்டிக்கும் வளைவு மெல்ல நிமிர்ந்தது. இருளப்பண்ணனுக்கு மஞ்சளைப் பார்த்து நேராக வரவும் கைவந்தது. ஆனால் இரண்டு காரியம் அவரால் முடியவில்லை. ஒன்று, நடுத்தண்ணீரில் நிற்பது. நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப மாட்டார். நின்ற இடத்திலேயே சுற்றுவார். "நின்னேன்னா அந்த மோட்டார் ரூமுதான் கண்ணுக்கு வருது சீனி. அது எந்தப் பக்கம்னு தேட ஆரம்பிச்சிருவேன்" என்றார். இரண்டு, வலப்பக்கம் திரும்புவது. மூச்சு இடப்பக்கம் என்பதால் வலப்பக்கம் அவருக்குக் குருட்டுப் பக்கம். திரும்புகிற பக்கம் தெரியவில்லை என்றதும் நின்றுவிடுவார். நின்றால் கதை முடிந்தது.

சார் இதை யோசித்துவிட்டு, நிற்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார். போட்டியில் மிதவையை இடப்பக்கம் விட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இடப்பக்கத் திருப்பத்துக்கு எங்கள் ஆளை மிஞ்ச முடியாது. தார் டிரம் ஒன்றைக் கல் கட்டிக் கண்மாயில் மிதக்கவிட்டு, அதைச் சுற்றி வரவைத்தார். இருளப்பண்ணன் அதைத் தொட்டும் தொடாமலும் வட்டமடித்து வருவதைப் பார்க்க அழகாக இருக்கும். தை பிறந்தபோது எங்களுக்குத் தைரியமும் பிறந்திருந்தது.

மாசியில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கு பஸ்ஸில் போய் இறங்கினோம். நான் அதற்கு முன் கடலைப் பார்த்தது ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தூரத்திலிருந்து. பக்கத்தில் போனதும் அலை தொடாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். கடற்கரை நிலையத்து ஆட்கள் நல்ல கறுப்பும் அகன்ற தோளுமாக மணலில் உருண்டுகொண்டிருந்தார்கள். எங்களை எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னோம். "அங்க குடிக்கவே தண்ணி லாரியில வரும்பாங்களே" என்றார் ஒருவர். இருளப்பண்ணன் அக்குளில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அதான், இருக்கிற எடத்துக்கே வந்துட்டோம்" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து கிண்டல் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதுவே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். போட்டி நடத்தியவர் வந்து, நீரோட்டம் மாறியிருப்பதால் சுற்றும் பக்கத்தை மாற்றியிருப்பதாகச் சொன்னார். மிதவையை வலப்பக்கம் விட்டுத் திரும்ப வேண்டும். மிதவைக்கு இடப்புறமாகப் போய், அதைத் தாண்டி வலப்பக்கம் வளைந்து வர வேண்டும்.

நான் இருளப்பண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சார் முகத்தைப் பார்த்தேன். அவர் மஞ்சள் வேட்டிக் கழியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தார். முறையிடலாம் என்றான் பால்பாண்டி. "எல்லாருக்கும் ஒரே விதி. என்னன்னு முறையிடுவீக? எங்க ஆளுக்கு வலது பக்கம் வராதுன்னா?" என்றார் சார். பிறகு மெதுவாக, "இருளப்பன், வேண்டாம்னா சொல்லுங்க. அடுத்த மாசிக்கு வருவோம்" என்றார்.

இருளப்பண்ணன் ஒரு குச்சியை எடுத்து மணலில் ஊன்றினார். கால் கட்டைவிரலால் அதற்கு இடப்புறமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனார். குச்சியைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பாமல், இடப்பக்கமாகவே ஒரு வட்டம் போட்டு, தன் கோட்டையே குறுக்கே வெட்டிக் குச்சிக்கு அந்தப் பக்கமாகப் போனார். அங்கே மறுபடியும் இடப்பக்கமாக ஒரு வட்டம். அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் முகம் எங்களைப் பார்த்து, கரையைப் பார்த்து இருந்தது. குச்சி அவருக்கு வலப்பக்கம். மணலில் முறுக்குச் சுற்றினது போல இரண்டு வளையம்.

"டவுனுக்குள்ள சில சந்துல நம்ம வண்டி வலது பக்கம் ஒடியாது சார். அதுக்காக ரிவர்சா எடுக்கேன்? இடது பக்கமாவே ஒரு தெருவச் சுத்திக் குறுக்க வந்துருவேன். அந்த மாதிரிதான். ஒரு சுத்துக்கு ஒரு தடவை அந்த டிரம்மு எனக்கு இடது கண்ணுல படும். நான் நிக்க வேண்டியதில்ல" என்றார்.

சார் மணலில் கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். "வேற?" என்றார்.

"வேற ஒண்ணுமில்ல சார். இந்த ரெண்டு கிணறுதான்."

கொடி அசைந்ததும் இறங்கினோம். முதல் அலை என் வாயில் உப்பை அள்ளிப் போட்டது. தொட்டியில் முகத்தை முக்கிய புண்ணியம், கண் எரியவில்லை. கடற்கரை ஆட்கள் எங்கள் முதுகின்மேல் ஏறிப்போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பால்பாண்டி அவர்களோடு மல்லுக்கட்டி முன்னால் போய்விட்டான். கண்மாயில் தண்ணீர் நம் பேச்சைக் கேட்கும்; கடல் அதன் போக்கில் தூக்கும், இறக்கும். தூக்கும்போது மட்டும் மிதவை தெரிந்தது. அலைமேல் ஏறும்போது பார்ப்பது, இறங்கும்போது கை போடுவது என்று பழகிக்கொண்டேன். கை ஓய்ந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டு போட்டேன். வீரம் பேசவில்லை, வேறெதை நினைத்தாலும் திரும்பிப் போய்விடத்தான் தோன்றியது.

மிதவையைச் சுற்றிக் கரைக்குத் திரும்பியபோது பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. நின்று பார்த்தேன். இருளப்பண்ணன் மிதவையைத் தாண்டி, முதல் வட்டத்தைத் தொடங்கியிருந்தார். காவலுக்கு நின்ற வள்ளத்தில் இருந்தவர்கள் அவர் திசை தெரியாமல் சுற்றுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "ஏய், அந்தாளு மயங்கிட்டாரு" என்று ஒருவர் சொல்ல, வள்ளத்துக்காரர் துடுப்பை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே நெருங்கினார். அதில் கை பட்டால் அவர் போட்டியை விட்டு வெளியே. அவர் முகமோ தண்ணீருக்குள் இருந்தது.

நான் வந்த வழியே திரும்பி நீந்தினேன். எத்தனை பேர் என்னைத் தாண்டினார்கள் என்று தெரியாது. "அண்ணாச்சி, தொடாதீக. அவரு திரும்புறாரு. அவரு திரும்புறதே அப்படித்தான்" என்று கத்தினேன். வள்ளத்துக்காரர் என்னையும் மயங்கிய ஆளாகப் பார்த்தார். ஆனாலும் துடுப்பு அப்படியே நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளி இருளப்பண்ணன் வட்டத்தை முடித்து, குறுக்கே வெட்டி மிதவைக்கு அப்பால் போனார். அங்கே இரண்டாவது கிணறு. வள்ளத்தில் கூச்சல் அடங்கிவிட்டது. அந்த வட்டம் முடிந்து அவர் தலையைத் தூக்கியபோது, தூரத்தில் கரையில் மஞ்சள் துணி தெரிந்திருக்க வேண்டும். முகத்தைக் கவிழ்த்தவர் நேராகக் கிளம்பினார்.

நான் அவருக்குக் கொஞ்சம் முன்னால் கரையேறினேன். பால்பாண்டி ஏற்கனவே வந்து மணலில் கிடந்தான். கொடிக்காரர் கையைக் கடிகாரத்துக்கும் கொடிக் கயிற்றுக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார். சார் கழியை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். இருளப்பண்ணன் கடைசி ஆள். எல்லைக் கயிற்றுக்கு அடியில் அவர் புகுந்து வந்தபோது பச்சைக் கொடி மேலேதான் இருந்தது. அவருக்கு அது தெரியாது. நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். நெஞ்சு மணலில் தேய்கிறவரை கை போட்டுக்கொண்டே வந்தார்.

சார் கழியைக் கீழே போட்டுவிட்டு, பூட்ஸ் காலோடு தண்ணீருக்குள் நடந்தார். செம்பில் தவிர வேறெங்கும் தண்ணீர் பார்க்காத மனுஷர். பின்னால் வந்த அலை முழங்காலில் அடித்ததும் ஆள் மல்லாந்துவிட்டார். இருளப்பண்ணன் எழுந்து அவர் பெல்ட்டைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

"தண்ணி குடிச்சிட்டீகளா சார்?"

"கொஞ்சம். உப்புத்தான் கூடிப்போச்சு" என்றார் சார், தொப்பியைத் தேடிக்கொண்டே.

இரண்டு தடவை வட்டமடித்தது செல்லுமா என்று ஒரு பேச்சு எழுந்தது. நடத்தியவர் வள்ளத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "டிரம்ம வலது கைப்பக்கம் விட்டுத்தான் போனாரு. மத்தவங்கள விட அதிகமாத்தான் நீந்தியிருக்காரு" என்றார் அவர். அதிகமாக நீந்தியதற்காக ஆளைத் தள்ள விதியில் இடமில்லை என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது பெயரையும் சேர்த்தார்கள். எனக்கு இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்றால் அது பொய்.

படகு சித்திரை வெயிலில் வந்து இறங்கியது. அடுத்த இரண்டு வருஷம் மழை இல்லை. அது கொட்டகையில் கிடந்தது. "படகுல பருத்தி காயப்போட்டுக்கிடலாமா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். இருளப்பண்ணன் வாரா வாரம் அதைத் துடைத்து வைத்தார். நாங்களும் தண்ணீர் கிடந்த இடமாகத் தேடிப் போய்த் துடுப்புப் போட்டுப் பழகினோம்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் குண்டாறு கரைபுரண்டது. ஆற்றோரத்துக் குடியிருப்பு ஒன்றில் ஒரு குடும்பம் வீட்டுக் கூரைமேல் ஏறி நிற்பதாகத் தகவல் வந்தது. புருஷன், பெண்சாதி, புருஷனின் தாயார், சின்னப் பிள்ளை ஒன்று. வண்டியை ஓட்டிவந்த இருளப்பண்ணன் படகின் முன்பக்கத்தில் ஏறிக்கொண்டார். நானும் பால்பாண்டியும் துடுப்பு. போனோம், ஏற்றினோம், வந்தோம். எழுத ஒரு வரிதான். போய்வர ஒரு ஆயுசு ஆனது. கூரை எங்கள் கண்முன்னாலேயே நெளிந்தது. ஆனால் அது விழுந்தபோது அதன்மேல் ஆளில்லை.

கரையில் அவர்களை இறக்கி, போர்வை கொடுத்து, சுக்குத் தண்ணி கொடுத்த பிறகு பார்த்தால் இருளப்பண்ணனைக் காணோம். வண்டியில் தன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தியிருந்தார். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்னமெல்லாம் ஈரம். மழை என்று சொல்லலாம் என்றால் வண்டிக்குள் மழை இல்லை.

"நாலு பேரும் வந்துட்டாகல்ல?" என்றார்.

"வந்துட்டாகண்ணே."

"எண்ணுனியா?"

"எண்ணிட்டேன்."

சாவியில் கை வைத்தவர் திருப்பாமல் எடுத்துக்கொண்டார்.

"இன்னொருக்க எண்ணிட்டு வா, சீனி" என்றார்.

நான் மழையில் இறங்கிப் போய், போர்வைக்குள் இருந்த பிள்ளையின் தலையையும் தொட்டு, நான்கு பேரையும் மறுபடி எண்ணிவிட்டு வந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தார்.